அண்ணியின் பத்தியம்

என் அண்ணிக்குத் தையல் வேலை. துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து கைக்குழந்தைகளுக்கான சட்டைகளைத் தைப்பாள். தன் மகனுக்கு மட்டும் தையல் வெளிப்பக்கம் வருமாறு தைத்தாள். அவனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் கண்டிருந்தது. நூல் உரசினாலே தோல் சிவந்து நீர் கசியும்.

ஆயுர்வேத வைத்தியர் குழந்தையைப் பார்த்துவிட்டு மருந்தை அண்ணியின் கையில் கொடுத்தார்.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு நேரா மருந்து வேண்டாம். கஷாயத்தை நீ குடிம்மா, பால் வழியா அவனுக்குப் போகும். புளிப்பையும் காரத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கோ. வயசு ஏற ஏறத் தானா அடங்கிடும்."

அம்மா அதோடு விடவில்லை. பேரனின் கன்னம் சிவக்கும்போதெல்லாம் அண்ணியின் தட்டிலிருந்து ஏதாவது ஒன்று குறைந்தது. முட்டை போயிற்று. மீன், பருப்பு, கடைசியில் உப்பும் போயிற்று.

"நேத்து என்னத்தைத் தின்னே? பிள்ளை மூஞ்சியைப் பிறாண்டி வச்சிருக்கான்."

"தண்ணி குடிச்சேன் அத்தை. அதுக்கும் பத்தியம் உண்டுன்னா சொல்லிடுங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். "வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை" என்றாள் அம்மா. அவள் கெட்டவள் அல்ல. பேரனுக்காக வேண்டிக்கொண்டு தானும் புளிப்பைத் தொடாமல்தான் இருந்தாள்.

அண்ணிக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் குழந்தை மார்பில் வாய் வைத்து, இழுத்துப் பார்த்து, வீறிட்டான். பக்கம் மாற்றினாள். அங்கும் இல்லை.

வைத்தியர் இம்முறை குழந்தையைப் பார்க்கவில்லை, துருத்தி நின்ற அண்ணியின் கன்ன எலும்பைப் பார்த்தார்.

"சாப்பாட்டை நிறுத்தச் சொன்னது யாரும்மா?"

அம்மா பேரனின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். பால் சுரக்க அவர் கொடுத்த லேகியமும் பலிக்கவில்லை. வீட்டுக்குப் புட்டிப்பால் வந்தது.

குழந்தை நடக்கத் தொடங்கியபோது தோல் தெளிந்துவிட்டது. வைத்தியர் முதலிலேயே சொன்னதுதான். ஆனால் அது யாருக்கும் நினைவில்லை. "தாய்ப்பால்தான் அவனுக்கு ஆகலை" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். கேட்டுக் கேட்டு அண்ணியும் நம்பிவிட்டாள். மகனைத் தூக்கினால் நெஞ்சோடு அணைப்பதில்லை, தோளில் போட்டுக்கொள்வாள்.

ஒரு மதியம் அம்மா முட்டை பொரித்து அவள் தட்டில் வைத்தாள்.

"இனிமே உனக்கென்னம்மா, எதை வேணும்னாலும் சாப்பிடலாம்."

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அத்தை. பழகிப்போச்சு."

எழுந்து போய் வீட்டிலிருந்த தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மகனுக்குப் புதுச்சட்டை. தையலை இன்னும் வெளிப்பக்கமாகவே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.