குறுக்கே வராத பைக்

பள்ளி வேன் சுவரில் மோதிய அன்று எந்த பைக்கும் என் குறுக்கே வரவில்லை. நான் பொய் சொன்னேன். கண் இருட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நினைவிழந்தேன்... அதுதான் நடந்தது.

உங்கள் பிள்ளைகூட அந்த வேனில் இருந்திருக்கலாம். ஆகவே என் மீது இரக்கப்பட வேண்டாம்.

நான் நாமகிரிப்பேட்டைக்காரன். அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். இரத்த அழுத்தத்துக்குச் சில ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். பள்ளி திறக்கும் முன் ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை உண்டு. அழுத்தம் அதிகம் என்றால் சாவி கைக்கு வராது. அதற்குச் சில வாரம் முன்பு பார்த்தபோது எனக்குக் கூடித்தான் இருந்தது. நான் வழக்கமாகப் போகும் மருத்துவர் அம்மா வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"பழசை நிறுத்திடுங்க. ரெண்டையும் சேத்து சாப்பிடக் கூடாது."

நன்றாகவே காதில் விழுந்தது. பரிசோதனைக்குள் இறங்கிவிடட்டும் என்று இரண்டையும் விழுங்கினேன்.

பரிசோதனையில் தேறினேன். அதற்குப் பிறகாவது ஒன்றை நிறுத்தியிருக்கலாமே? மறுபடி ஏறிவிடுமோ, வேலை போய்விடுமோ என்ற பயம். பயமா அது? சுயநலத்துக்கு நான் சூட்டிய மரியாதையான பெயர்!

படுக்கையைவிட்டு எழுந்தால் சுவர் சுழன்றது. டயரைக் குனிந்து பார்த்து நிமிர்ந்தால் கண்முன் கறுப்பு. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மேரியம்மா ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, ஒரு மாதிரி இருக்கறீங்க? லீவு போட்டுக்கலாமில்லீங்க?"

"வெயிலுங்க. வேற ஒண்ணுமில்ல."

அடுத்த வாரம், ஏற்காடு சாலையிலிருந்து பள்ளித் தெருவுக்குள் திரும்பும்போது காது அடைத்தது. சட்டை முழுக்க வியர்வை. ஓரங்கட்டியிருக்க வேண்டும். பள்ளிதான் கண்ணுக்குத் தெரிகிறதே, போய்விடலாம் என்று வண்டியை விட்டேன்...

விழித்தபோது வேன் சுவரில் முட்டி நின்றது. பிள்ளைகள் அழுதார்கள், ஒருவருக்கும் அடியில்லை. சீட்டிலிருந்து சரிந்த ஒரு சிறுமியைத் தாங்கிப் பிடித்த மேரியம்மாவின் வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது.

ஓடி வந்தவர்கள் கேட்கும் முன்பே என் வாய் முந்திக்கொண்டது. "பைக்காரன் ஒருத்தன் குறுக்க வந்துட்டானுங்க."

அன்று மாலை மருத்துவர் அம்மா அழுத்தம் பார்த்தார். மிகவும் இறங்கிக் கிடந்தது. இரண்டையும் சாப்பிட்டதை அவரிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். "நான் சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. வேன் ஓனர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்று கடிந்தார். பழைய மாத்திரையை நிறுத்தியதும் சில நாளில் தலைசுற்றல் நின்றது. ஓனரிடம் பைக் கதையையே சொன்னேன்.

பள்ளி விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சமயோசிதமாகக் குழந்தைகளைக் காப்பாற்றியவனாம்! கைதட்டல் எழுந்தபோது எனக்கு வந்தது வெட்கமல்ல, ஆத்திரம். பைக் என்ன நிறம் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லையே? இப்படியா நம்புவார்கள்? பிறகு அந்த ஆத்திரத்தின் மீதே ஆத்திரம் வந்தது. பொய் சொன்னவன் நான். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை ஊரார் தலையில் கட்ட எனக்கென்ன யோக்கியதை?

மேரியம்மாவின் எலும்பு கோணலாகவே கூடியது. பிள்ளைகளைத் தூக்கி ஏற்ற முடியாதவருக்கு வேனில் வேலையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் மேரியம்மா சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். காய்கறிப் பை இடக்கையில். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அந்த பைக்காரனைப் புடிச்சாங்களாண்ணா?"

அன்று அவர் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சாலையை அல்ல. என் சொல்லை அப்படியே நம்பியிருக்கிறார்.

"இல்லீங்க."

"எங்கயோ நல்லா தின்னுட்டுத் தூங்கிட்டுத்தான் இருப்பான். மனசுன்னு ஒண்ணு இருந்திருந்தா வந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பான், இல்லீங்களா?"

சொல்லியிருக்கலாம். அந்த நொடியிலாவது சொல்லியிருக்கலாம்...

"ஆமாங்க" என்றேன்.

பஸ் வந்தது. பையோடு கம்பியைப் பிடிக்க அவரால் முடியவில்லை. பையை வாங்கிக்கொண்டு, அவர் ஏறியதும் மேலே கொடுத்தேன்.

"நல்லா இருங்கண்ணா" என்றார்.