நின்று விளையாடியவர்

எழுதிப் பழக்கமில்லாத நான் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள்.

வவுனியாவில், காசு வாங்கிக்கொண்டு ரீவியில் கேம் விளையாட விடும் கடை வைத்துத்தான் பிழைத்தேன். கொழும்பில் முன்பு மெஷினில் காசு போட்டு ஆடிய பழைய பிளேன் சண்டை கேம், ரீவிக்கென்று புதிதாக்கப்பட்டு வந்திருந்தது. வாங்கிப் போட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவர் வந்து, கதிரையைத் தள்ளிவிட்டு நின்றபடியே விளையாடினார்.

"அண்ணை, இருங்கோ. பின்னால இருக்கிறவைக்குத் தெரியேல்லை."

"இதில என்ன கிடக்குப் பாக்க? பழையதில எங்கட மூண்டு பிளேனும் வெடிச்சால் ஆட்டம் முடிஞ்சுது. இதில செத்தவனுக்குத் திருப்பித் திருப்பி உயிர் குடுக்கிறாங்கள். உதுக்குக் காசு வாங்க உமக்கு வெக்கமில்லையே?"

காத்திருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அவரோ திட்டிக்கொண்டே கடைசிவரை விளையாடினார். அந்த மனிதரை இன்றுவரை எனக்குப் பிடிக்கவுமில்லை, விளங்கவுமில்லை.

மறுநாள் கடைக்கு வேறு எவரும் வரவில்லை. அவர் மட்டும் வந்தார்.