எனக்கு முன்னால் அழுதவர்

காக்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். மெட்ராஸிலிருந்து மாதாமாதம் அவருக்கு ஒரு பத்திரிகை வரும். அதில் ஒரு துப்பறியும் தொடர்கதை. அவர் படித்து முடித்த பின் எனக்குக் கொடுப்பார். ஒன்பது வருஷம் அப்படித்தான் படித்தேன். நான் நாலாம் வகுப்பு வரை போனவள். எழுத்தின்மேல் விரல் வைத்து மெள்ள மெள்ளத்தான் படிக்க வரும். இருந்தாலும் அந்தத் துப்பறிவாளரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்றே நினைத்திருந்தேன்.

தபால்காரர் வரும் நேரத்தில் டீச்சரம்மா பள்ளிக்கூடத்தில் இருப்பார். பத்திரிகை என் கைக்குத்தான் வரும். சுற்றிய காகிதப் பட்டையோடு சாயங்காலம் வரை வைத்திருந்து கொடுப்பேன். ஒருநாளும் பிரித்ததில்லை.

அடுத்த இதழோடு கதை முடிகிறது என்று போட்டிருந்தார்கள். இந்த ஒரு தடவையாவது நான் முதலில் படிக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. இதழ் வந்ததும் பட்டையை உருவினேன். தாள்களின் ஓரம் வெட்டாமல் ஒட்டியிருந்தது. கத்தியால் கீறினால் தெரிந்துவிடும். இடுக்கில் கண்ணை வைத்து, தெரிந்த பக்கங்களை மட்டும் படித்தேன். கிடங்கில் துப்பறிவாளரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அதற்குள் வாசலில் டீச்சரம்மா.

"என்னக்கா, பட்டையைக் காணோம்?"

"அதுவா கழண்டுடுச்சு."

சிரித்துவிட்டார். "பரவால்ல, வாங்க. இன்னைக்கு ஒண்ணா படிக்கலாம். நான் வாசிக்கிறேன்."

அவர் தடங்கலில்லாமல் வாசிப்பார். என் துப்பறிவாளரின் முடிவை அவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அடுப்புல வேலை இருக்கு" என்றேன்.

பொழுது சாயுமுன் சுவருக்கு அப்பால் விசும்பல் கேட்டது. துப்பறிவாளர் செத்துவிட்டார் என்று புரிந்துபோனது. எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. ஒன்பது வருஷம் எழுத்து எழுத்தாக அவர் கூடவே போனவள் நான். துக்கத்திலும் டீச்சரம்மாதான் முந்திக்கொண்டார்.

மறுநாள் வீங்கின கண்ணோடு வந்து பத்திரிகையைக் கொடுத்தார்.

"கர்சீப் எடுத்து வெச்சுக்கிட்டுப் படிங்கக்கா."

கடைசிப் பக்கம் அவருடைய கண்ணீர் பட்டுச் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கங்களின்மேல் விரல் வைத்துத்தான் நான் அந்தச் சாவைப் படிக்க வேண்டியிருந்தது.

திருப்பிக் கொடுத்தபோது, "அழுதீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"கதைதானே, டீச்சரம்மா."

அவர் முகம் வாடிப்போனது. அப்போது எனக்கு அது போதுமாக இருந்தது.