விஷக்காய்ச்சலில் விஷம் இல்லை

தோழிகளே, இன்று காலை ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் மண்டையில் என் குடையை உடைத்தேன்.

பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு மாட்டுவண்டி. டாக்டர் பார்த்துவிட்டுப் போன நோயாளி, உள்ளே படுக்கை காலியாகக் காத்து, மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்து, அதில் கிடந்தான். அவனுடைய மனைவி செல்லம்மாவை அவன் அண்ணன் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் விளாசிக்கொண்டிருந்தான். அவள் வாயெல்லாம் ரத்தம்.

"டாக்டரே வெஷக்காச்சலுன்னுட்டாரு! சோத்துல என்னடி வெச்சே? அவன் சாவக் கெடக்குறான், உனக்கு மட்டும் வெறும் தும்மலா?"

"நானும் அதே சோறுதாங்க தின்னேன்!"

அடுத்த அடி அவள் காதில் விழுந்தது. அப்போதுதான் என் குடை உடைந்தது.

"யாரும்மா நீ?" என்றான், தலையைப் பிடித்துக்கொண்டு.

"அது சளிக்காச்சல்டா, மடையா! ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டும். ஒருத்தர சாய்ச்சுடும், ஒருத்தர தும்ம வெச்சுட்டு விட்டுடும். போன மாசம் என் சமையக்காரி பத்து நாள் எந்திரிக்கல. எனக்கு ரெண்டு இருமல். நான் வெஷம் வெச்சேனா? என்னையும் அடி பாப்போம்!"

தார்க்குச்சி கீழே விழுந்தது. செல்லம்மா வண்டியில் ஏறி, கணவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பிழைக்காவிட்டால் அந்தக் குச்சி மறுபடியும் எழும்.

ஆகவே உள்ளே போனேன். "இனிமே யார்கிட்டயும் வெஷக்காச்சல்ங்கற பேர சொல்லாதீங்க. வெளியில வந்து அவன்கிட்ட சளிக்காச்சல்னு சொல்லுங்க" என்று டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். பஸ் போய்விட்டது.

உங்கள் வீட்டில் இந்தக் காய்ச்சலில் வெறும் தும்மலோடு தப்பியவர் யார்? உடனே எழுதுங்கள். புதுக் குடை வாங்கிவிட்டேன்.