இலையை மட்டும் பார்த்தவர்

யுத்த காலத்தில் பூந்தமல்லி ஓட்டல் ஒன்றில், பெண்கள் சாப்பிடும் திரை மறைப்புக்குள் அவர்தான் பரிமாறுவார். ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஈரத் துண்டு. எங்கள் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். இலையை மட்டுமே பார்ப்பார்.

அந்த ஓட்டல் சாம்பாரை அம்பத்தூரில் என் அடுப்பில் பலமுறை வைத்துப் பார்த்துத் தோற்றிருந்தேன். ஒருநாள் துணிந்து, "இதுல இன்னா அரைச்சு ஊத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

வாளியோடு அவர் கை நின்றது. திரைக்கு வெளியே முதலாளி இருமினார்.

"மெதுவாம்மா. சொன்னேன்னு தெரிஞ்சா என்னைத் தொரத்திடுவாரு."

போனவர் பொரியலோடு வந்து பரிமாறினார். அதன் ஓரத்தில் வறுத்த தனியா, கடலைப்பருப்பு, ஒரு துண்டு கொப்பரை. முதலாளியின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாளே வீட்டில் அந்தச் சாம்பார் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனாலும் அடுத்த வாரமே அவரை இழுத்துக்கொண்டு அதே ஓட்டலுக்குப் போனேன்.

வாளியோடு வந்தவர் குனிந்து கேட்டார்: "ஊட்ல அதே ருசி வந்துச்சாம்மா?"

தலையாட்டினேன்.

"அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்துகீறீங்க?"

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.