சாக்கு விரித்துச் சாய்த்த வண்டி

ஃபிளோராவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வலங்கைமான் வட்டத்தில் ஒரு கால்நடைக் கிளை நிலையத்தின் ஆய்வாளர். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டு வந்தவர். ஊரார் அவரை மாட்டு டாக்டரம்மா என்றார்கள். தாம் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று அவர் திருத்தாத நாள் இல்லை. காதில் வாங்கிக்கொண்டவர்தான் எவரும் இல்லை. சினை ஊசிக் குச்சிகளை உறைநிலையில் வைக்கும் நைட்ரஜன் கேனைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு, கியர் வைத்த பழைய நூறு சி.சி. வண்டியில் வாய்க்கால் கரைகளிலெல்லாம் போய் வந்தார். கணவர் ஆல்பின் நீடாமங்கலத்தில் ஒரு பள்ளியின் எழுத்தர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டி அறியாதவர். மழை நாட்களில் மனைவியின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போவார். அதில் அவருக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை.

அந்தப் பழைய வண்டி ஓடி முடித்த தூரம் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர். அத்தனையும் குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் இடையிலேயே. சேர்ந்து கிடந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, மே மாதத்தில், பூம்புகாரில் காவிரி கடலைத் தொடும் இடத்திலிருந்து தலைக்காவிரி வரைக்கும் தனியாகப் போய்வருவதென்று ஃபிளோரா முடிவு செய்திருந்தார். அதற்கு ஒரு புதிய வண்டி வேண்டும். பார்த்துப் பார்த்து இரண்டில் வந்து நின்றது. ஒன்று நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. இருநூறு கிலோவுக்கு மேல் எடை. மற்றது தாழ்ந்த இருக்கையும், சொன்னபடி திரும்பும் கைப்பிடியும் கொண்ட குரூசர். நூற்றைம்பதைச் சற்றே தாண்டும்.

தஞ்சாவூரில் ஒரு ஷோரூமுக்குக் கணவனும் மனைவியும் போனது தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை. ராஜசேகர் என்கிற விற்பனையாளர் இருவரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஃபிளோரா கேட்டார். பதில் ஆல்பினுக்குப் போயிற்று. மலை ஏற்றத்தில் எஞ்சின் சூடேறுமா என்று கேட்டார். அந்தப் பதிலும் ஆல்பினுக்கே. ஆல்பின் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளோராவின் மடியில் அவருடைய சொந்தத் தலைக்கவசம், இருபத்தைந்து வருடக் கீறல்களோடு, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது.

"மேடமுக்குன்னா இந்தச் சின்னது போதும் சார். சீட்டு தாழ்வா இருக்கு, புடவையோடயே உட்காரலாம். பெருசு ஜென்ட்ஸ் வண்டி" என்றார் ராஜசேகர்.

ஃபிளோரா அன்று உடுத்தியிருந்தது சுடிதார். அந்தக் கணமே பெரிய வண்டிதான் என்று அவர் மனம் தீர்மானித்துவிட்டது.

தஞ்சாவூரிலேயே இருந்த தம்பி கிளாட்சனும் அதையே தொலைபேசியில் வேறு சொற்களில் சொன்னார். கிளாட்சன் வைத்திருந்தது அதே பெரிய வண்டி. ஞாயிறு தவறாமல் துடைத்து, ஆராதனைக்கு மட்டும் எடுப்பது. இருநூறு கிலோ வண்டி, அக்காவுக்கு எதற்கு இந்த வம்பு என்றார்.

"நானூறு கிலோ மாடு என்னை எட்டி உதைச்சப்ப நீ எங்கடா போயிருந்த?" என்று கேட்டுவிட்டு ஃபிளோரா இணைப்பைத் துண்டித்தார்.

இதில் ஃபிளோராவை உண்மையில் வதைத்தது இன்னொன்று. ஷோரூமில் முதலில் அவர் கண் போனது அந்தச் சின்ன வண்டியின் மேல்தான். ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன; கைப்பிடி பழைய வண்டியைப் போலவே கைக்கு அடங்கியது. பிடித்துப்போயிருந்தது. ஆனால் இப்போது அதை வாங்கினால் ராஜசேகர் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட்டது போலாகும். தம்முடைய விருப்பத்தைக்கூடத் தாமே சொல்ல முடியாதபடி ஒருவன் முந்திக்கொண்டு சொல்லிக் கெடுத்துவிட்டானே என்று அவர் பல நாள் குமைந்தார்.

மாசி பிறந்தது. சம்பா அறுவடை முடிகிற சமயம். அறுவடை இயந்திரம் வைத்திருந்த செல்லதுரை வீட்டுப் பசுவுக்கு ஊசி போடப் போனபோது, வாசலில் அதே பெரிய வண்டி நின்றது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். "நீங்க ஓட்டாத வண்டியா டாக்டரம்மா" என்று செல்லதுரை சாவியைக் கையில் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் செல்லதுரையைக் குறை சொல்ல ஏதுமில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான்காவது கியரில் அது எழுப்பிய ஒலி ஃபிளோராவுக்குப் பிடித்தது. கீழத்தெரு திருப்பத்தில் தார்ச்சாலையின் முழு அகலத்துக்கும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதன் மேலேயே ஓட்டிப் போயிருப்பார். உண்ணும் தானியத்தின் மேல் காலோ சக்கரமோ படக் கூடாதென்பது ஃபிளோரா பிறந்த வீட்டின் கண்டிப்பு. சாலையை விட்டு மண் ஓரத்தில் வண்டியை இறக்கினார். முன்தினம் வாய்க்காலில் திறந்த தண்ணீர் கசிந்து, ஓரமெல்லாம் களிமண் குழைந்து கிடந்தது. வண்டி சாய, ஊன்றிய கால் சரிவில் இறங்கிக்கொண்டே போனது. வண்டியும் அவருமாக வாய்க்கால் பக்கம் விழுந்தார்கள்.

அடி ஒன்றும் இல்லை. எழுந்து வண்டியைத் தூக்கப் பார்த்தார். மூன்று முறை முயன்றார். ஒரு முழம் எழும்பி மறுபடி படுத்துக்கொண்டது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த தனபாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

"நெல்லு மேலயே வந்திருக்கலாமுல்ல? பஸ்ஸே ஏறித்தான் போவுது" என்றார் தனபாக்கியம்.

ஃபிளோரா காலில் ஒட்டிய களிமண்ணை வழித்தார். தலைக்காவிரி போகும் வழியில், மடிக்கேரிக்கு மேலே, காட்டுச் சாலையில், தனபாக்கியம் இருக்க மாட்டார். அங்கே வண்டி விழுந்தால் தூக்குவதற்கு ஒருத்திதான். அந்த ஒரு நினைப்பிலேயே பெரிய வண்டி முடிந்துபோயிற்று. கோபம் மட்டும் இரட்டிப்பாயிற்று. கணக்கைத் தப்பாகப் போட்டவனுக்கு விடை மட்டும் எப்படியோ சரியாக வந்துவிட்டதே என்கிற கோபம்.

செய்தி கிளாட்சனுக்கு எட்டியது. நான் அப்போதே சொன்னேன் அல்லவா அக்கா என்று அவர் தொடங்கினார்.

"நீ சொன்னது பொம்பளைக்கு ஆகாதுன்னு. விழுந்தா தனி ஆளா நிமித்த முடியுமான்னு நீ கேக்கவே இல்ல. உன் வண்டிய ஒரு தடவையாவது கீழ சாய்ச்சு நிமித்தியிருக்கியா?"

சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார் கிளாட்சன்.

அடுத்த சனிக்கிழமை ஃபிளோரா ஷோரூமுக்குப் போனபோது கையில் இரண்டு சணல் சாக்குகள் இருந்தன; விதைநெல் வந்த சாக்குகள். ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த இரண்டு வண்டிகளையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். சாக்குகளைத் தரையில் விரித்து, அவற்றின் மேல் வண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்றார். ராஜசேகர் மேலாளரைக் கேட்கப் போனார். மேலாளர் வந்து ஆல்பினைப் பார்த்தார். வாங்கப் போவது அவள்தான், அவளைக் கேளுங்கள் என்றார் ஆல்பின். அந்த ஷோரூமில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

சின்னதை முதலில் சாய்த்தார்கள். படுத்துவிட்ட மாட்டை எழுப்புவதுபோல ஃபிளோரா அதற்கு முதுகைக் கொடுத்துக் குந்தினார். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பற்றி, குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி எழுந்தார். வண்டி நின்றது. பெரியதையும் அப்படியே செய்து பார்த்தார். பாதியில் நின்று நடுங்கியது. மெல்லத் திரும்பச் சாக்கில் இறக்கினார்.

"இப்ப நீங்க" என்றார்.

ராஜசேகர் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். ஃபிளோரா எழுப்பிய உயரம் வரை எழுப்பினார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்.

"ஜென்ட்ஸ் வண்டின்னீங்களே" என்றார் ஃபிளோரா, சாக்குகளை மடித்தபடி. "சின்னதை எழுதுங்க. என் பேருல."

வண்டி எடுக்கிற அன்று அதற்கு மாலை போட்டார்கள், கேக் வைத்தார்கள். ஒரு முழ நீளத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்று அந்த ஷோரூமில் உண்டு. வாங்கியவர் கையில் அதைக் கொடுத்துப் படம் எடுப்பது வழக்கம். ராஜசேகர் அதை நேரே ஆல்பினிடம் நீட்டினார். இத்தனைக்குப் பிறகும். தமக்கு ஓட்டத் தெரியாதென்று ஆல்பின் விலகினார். பரவாயில்லை சார், போட்டோவுக்குத்தானே என்றார் ராஜசேகர். ஃபிளோரா அட்டைச் சாவியைத் தம் கையில் வாங்கி, மேசை மேல் கவிழ்த்து வைத்தார். நிஜச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆல்பின் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். படமே எடுக்கவில்லை.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி, தலைக்காவிரி மலையடிவாரத்தில் உள்ள பாகமண்டலத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால், கோடை மழையில் ஊறிய இலைச் சருகில் சக்கரம் வழுக்கி வண்டி விழுந்தது. ஃபிளோரா முதுகைக் கொடுத்தார், குதிகாலை ஊன்றினார், எழுந்தார். வண்டி நின்றது. பிறகு சாலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் திரும்பிப் பார்த்தார். ஓர் ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. தலைக்காவிரிக்குப் போய்ச் சேர்ந்து அவர் ஆல்பினிடம் தொலைபேசியில் முதலில் சொன்னது ஆற்றைப் பற்றியோ மலையைப் பற்றியோ அல்ல.

"பார்க்கறதுக்கு அந்த ராஜசேகர் இல்லாம போயிட்டானேங்க" என்றார்.