ஏழாம் நம்பர் புட்டி

மந்திரமூர்த்திக்குக் கல்லூரியில் மூக்கு அண்ணாச்சி என்றுதான் பேர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்தார். ஆய்வகத்தில் அமிலப் புகை ஓய்வதில்லை. புட்டியில் ஒட்டிய லேபிளை அது ஆறே மாதத்தில் அரித்துவிடும். பேர் அழிந்த புட்டியைத் திறந்து, கையால் மூக்குப் பக்கம் ஒரு விசிறு விசிறுவார். இன்னதுதான் என்று சொல்லிப் புது லேபிள் எழுதி ஒட்டிவிடுவார். துறைத்தலைவர் சங்கரசுப்பிரமணியன்கூட அதைச் சோதித்துப் பார்க்க மெனக்கெட மாட்டார். எதற்கு? மூர்த்தி சொன்னால் சொன்னதுதான்.

பத்தாவது தாண்டாத மனுஷருக்குப் பாடமும் தெரியும். சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே வருஷக்கணக்காகக் காதில் வாங்கியது. கார்பனுக்கு நாலு கை. இரண்டு கையால் ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, மிச்சக் கை ஒன்றில் ஹைட்ரஜனை வைத்திருந்தால் அது ஆல்டிஹைடு. மிச்சம் இரண்டிலும் கார்பனே இருந்தால் கீட்டோன். அவ்வளவுதான் வித்தியாசம், குணமோ வேறு. வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்த்த கரைசலில் விட்டுச் சூடு காட்டினால், ஆல்டிஹைடு குழாயின் உள்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடிபோல் வெள்ளி பூசும். கீட்டோன் சும்மா கிடக்கும். இதையெல்லாம் அவர் மனைவி ஞானம்பாளிடம் அடுப்படியில் நின்று சொல்லியிருக்கிறார். அவள் கேட்டால்தானே!

கொரோனா வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், மூக்கு போய்விட்டது. ஆறு மாதம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று, மணம் திரும்பவே இல்லை. பால் தீய்ந்து வீடெல்லாம் நாறிய அன்று, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஞானம்பாளுக்கு விஷயம் விளங்கியது. காலேஜில் சொல்லிவிடுங்கள் என்றாள். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. மூக்கு அண்ணாச்சிக்கு மூக்கு இல்லையாம் என்று நாலு பேர் சிரிக்கவா? அவர் மூச்சு விடவில்லை. லேபிள் போன புட்டிகளை முன்போலவே விசிறினார். அது இருந்த இடத்தையும் நிறத்தையும் வைத்து ஒரு குத்துமதிப்பாகப் பேர் எழுதினார். முன்போலவே எல்லோரும் நம்பினார்கள்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூன்றாம் ஆண்டுக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. ஆளுக்கொரு புட்டி கொடுப்பார்கள். புட்டியில் நம்பர்தான் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று மாணவர்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த நம்பரில் எது என்கிற பட்டியலை எழுதிக் கொடுப்பது மந்திரமூர்த்தியின் வேலை. முந்தின நாள் மாலை ஏழாம் நம்பருக்கு அவர் எடுத்த புட்டியில் லேபிள் இல்லை. பென்சால்டிஹைடா, அசிட்டோபீனோனா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற எண்ணெய், மணம்தான் வேறு. இரண்டு சொட்டு எடுத்துச் சோதித்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துபோகும். ஆனால் அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. மூக்கு அண்ணாச்சி சோதித்துப் பார்க்கிறாரே, ஏன் என்று யாராவது கேட்டால்? பாவி மனுஷர், பட்டியலில் அசிட்டோபீனோன் என்று எழுதிவிட்டார். அது கீட்டோன்.

ஏழாம் நம்பர் வேணிக்குப் போயிற்று. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், ஆய்வகத்திலேயே வேலை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. கைச்சுத்தமும் அப்படித்தான், தன் குழாயை மூன்று முறை கழுவாமல் சோதனையில் இறங்க மாட்டாள்.

அவள் குழாயில் வெள்ளி பூசியது. ஆல்டிஹைடு என்று எழுதிக் குழாயோடு கொண்டுபோனாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பட்டியலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முகக்கவசம் இன்னும் யாரும் விடாத காலம். புட்டியை மோந்து பார்க்க ஆளில்லை. யாரோ குளுக்கோஸ் வைத்துச் செய்த குழாயைச் சரியாகக் கழுவாமல் எடுத்திருக்கிறாய், குளுக்கோஸும் இப்படிப் பூசும், மூன்று வருஷம் படித்துக் குழாய் கழுவத் தெரியவில்லையே என்றார். கழுவினேன் சார் என்று அவள் சொன்னது பாதியில் நின்றுபோயிற்று.

துறைத்தலைவருக்கு ஒரு சந்தேகம். "மூர்த்தி, ஏழாம் நம்பர் என்னதுய்யா?"

குழாயைப் பார்த்த கணமே அது பென்சால்டிஹைடு என்று மந்திரமூர்த்திக்குத் தெரிந்துபோயிற்று. பளபளவென்று பூசிய வெள்ளி. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அசிட்டோபீனோன்தான் சார்" என்றார்.

மணி அடித்துவிட்டது. அந்தச் சோதனை செய்த குழாயைக் கழுவாமல் வைக்கக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும். அதுவும் அவர் வேலைதான். எல்லோரும் போனபின் வேணியின் குழாயில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றினார். வெள்ளி கரைந்து வெறும் கண்ணாடிக் குழாய் மிஞ்சியது.

ரிசல்ட் வந்தபோது போய்ப் பார்த்தார். வேணி பாஸ். மார்க் குறைவுதான், ஆனாலும் பாஸ். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, மூக்கு அண்ணாச்சி மாதிரி இனி யார் வருவார் என்று மேடையில் பேசி அவரை அனுப்பிவைத்தார்கள்.

மறு வருஷம் தீபாவளிக்கு ஞானம்பாளுக்குச் சேலை எடுக்க வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார். சீருடைச் சேலையில் நின்று சேலை விரித்துக் காட்டியவள் வேணி. அவளே அடையாளம் கண்டு சிரித்தாள். மேற்கொண்டு படிக்கலையா பிள்ள என்று கேட்டார்.

"சீட்டு கெடச்சிருக்கும்னு சார் சொன்னாவ அண்ணாச்சி. நான்தான் அப்ளிகேசனே போடல. ஒரு டியூப ஒழுங்கா கழுவத் தெரியல, நமக்கெல்லாம் லேப் எதுக்குன்னு விட்டுட்டேன்."

மந்திரமூர்த்திக்கு இது புதுசு. மார்க்கைத்தான் கெடுத்தோம் என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். சேலைகளுக்கு நடுவே நின்று, யார் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

"உன் டியூபு சுத்தம் பிள்ள. நான்தான் புட்டிய மாத்தி எழுதிட்டேன். கொரோனாவுல இருந்து எனக்கு மணமே தெரியாது. அன்னைக்கு அந்தக் குழாயப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிட்டு."

அவள் கை சேலை மடிப்பில் அப்படியே நின்றது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்றுகூட நினைத்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"சார்ட்ட சொல்லிருக்க வேண்டாம் அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லிருக்க வேண்டாம். அன்னைக்கு சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நின்னேம்லா, அங்க வந்து என்ட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."